ஒன்பதாம் வசனத்துக்கு அப்பால்

பிப்ரவரி 25, 2004. சாம்பல் புதன், லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் நாள்

காலை ஆராதனைக்கு நல்ல கூட்டம். முடிந்ததும் சற்குணம் ஐயர் கூப்பிட்டார். எங்கள் சேகரத்துச் சபைகளுக்குப் போதகராக வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. என்னைவிட இருபது வயது இளையவர், ஆனாலும் மரியாதை தெரிந்தவர். "லெந்து வெள்ளிக்கிழமை வேதபாடம் முழுசும் நீங்களே எடுத்திருங்க அண்ணாச்சி. வேதத்துக்கு நாலு பொருள் உண்டுன்னு சொல்லுவாங்கல்லா, அதையே தலைப்பா வச்சுக்கிடுவோம்" என்றார். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனைப் போதகர் இப்படிக் கேட்பது சின்ன விஷயமில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஐயர் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்க பீடத்தில் நின்றதற்குக் கிடைத்த மதிப்பு.

மத்தியானம் தூத்துக்குடி பஸ்ஸில் மகள் பெனினா வந்து இறங்கினாள். வருவதாகச் சொல்லவில்லை. இடது கையில் மாவுக்கட்டு. மாடிப்படியில் வழுக்கிவிட்டதாம். போன தடவையும் படிதான். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், கூட வர முடியவில்லை என்றாள். என் மனைவி புஷ்பம் அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நான் கோழிக்கூண்டுக்குப் புதுக் கம்பி கட்டினேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

முதல் பாடம். நாற்பத்தாறு பேர், பாதிக்கு மேல் பெண்கள். எருசலேமை வைத்துச் சொன்னேன். எழுத்தின்படி அது யூதேயாவில் மலைமேல் இருந்த ஒரு பட்டணம். உருவகப் பொருளில் அது கிறிஸ்துவின் சபை. ஒழுக்கப் பொருளில் மனுஷனுடைய ஆத்துமா. அதை அவன் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். மறுமைப் பொருளில் நாம் கடைசியில் போய்ச் சேரப்போகிற பரம நகரம். ஆதிச்சபைப் பிதாக்கள் காலந்தொட்டு இப்படி வாசித்திருக்கிறார்கள். "ஒரே சொல், நாலு மாடி" என்றதும் கனகம் டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

"எல்லா வசனத்துக்கும் நாலு உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள்.

தேடினால் கிடைக்கும் என்றேன்.

மார்ச் 2

முருங்கை முழுதும் கம்பளிப்பூச்சி. வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன்.

மார்ச் 5, வெள்ளி

இரண்டாம் பாடம், யோனா. மீன் வயிற்றில் மூன்று நாள் என்பது கல்லறையில் மூன்று நாள். இதை ஆண்டவரே சொல்லியிருப்பதால் சிரமமில்லை.

சம்பந்தி போன் செய்தார். திருமண்டலத்தில் பிஷப் வரைக்கும் செல்வாக்குள்ள மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். "பொண்ணு இத்தனை நாள் அங்க இருக்கது நல்லாயில்லையே. நாலு பேரு கேக்காங்க" என்றார். கை குணமானதும் அனுப்புகிறோம் என்றேன். புஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னும் பெனினா இப்படி ஒருமுறை வந்தாள். அப்போது பேசி அனுப்பிவைத்தோம். குடும்பமென்றால் எல்லாம் இருக்கும்.

மார்ச் 8

பெனினாவின் பையிலிருந்து எக்ஸ்ரே படம் சரிந்து கீழே விழுந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மாட்டாஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

முறிவு மணிக்கட்டில் இல்லை. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பில், குறுக்காக. வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். ஊன்றினால் மணிக்கட்டுதான் போகும். இந்த இடத்தில் முறிய வேண்டுமானால் கையை முகத்துக்கு நேராகத் தூக்கியிருக்க வேண்டும்.

படத்தை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். மேலத்தெருவில் ஒரு ஆட்டுக்கு வயிறு உப்பிசம். எண்ணெய் புகட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 10

ஐயர் வீட்டுக்கு வந்தார். பெனினா அறையை விட்டு வெளியே வரவில்லை.

"ஒங்க சம்பந்தி என்கிட்ட பேசுனாங்க அண்ணாச்சி. மாப்பிள்ள பதினெட்டாந்தேதி வாராராம். மறுநாள் வெள்ளிக்கிழமை. வேதபாடத்துக்கு அவரும் வந்து உக்காரட்டும். நீங்க அந்த மணவாளன் பிரசங்கத்தையே வையுங்க. பாதி வேலைய ஆண்டவரே முடிச்சிருவாரு" என்றார்.

"மீதிய யாரு முடிப்பா?" என்று கேட்டாள் புஷ்பம். காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள். ஐயர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மணவாளன் பிரசங்கம் நானே உண்டாக்கியது. பதினைந்து வருஷத்தில் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது கோயில்களில் செய்திருக்கிறேன். நியாயாதிபதிகள் பத்தொன்பதாம் அதிகாரம். கோயில் ஊழியக் குலத்தானான ஒரு லேவியனைப் பிரிந்து, அவனுடைய மறுமனையாட்டி, அதாவது மனைவிக்கு அடுத்த நிலையில் வைத்திருந்தவள், பெத்லகேமில் தகப்பன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். நாலு மாதம் கழித்து, அவளிடம் அன்பாகப் பேசி அழைத்துவர அவன் கழுதைகளோடு புறப்பட்டுப் போகிறான். உருவகப் பொருள்: விலகிப்போன சபையைத் தேடி மணவாளனாகிய கிறிஸ்து பெத்லகேமுக்கே வருகிறார். ஒழுக்கப் பொருள்: பிரிந்தவள் திரும்ப வேண்டும். மறுமைப் பொருள்: தகப்பன் மருமகனை விடாமல் இருத்தி ஐந்து நாள் விருந்து வைக்கிறானே, அது பிதாவின் வீட்டில் நமக்காகக் காத்திருக்கிற விருந்து. அந்த இடத்தில் பெண்கள் அழுவார்கள். ஒன்பதாம் வசனத்தோடு முடிப்பேன்.

மார்ச் 12, வெள்ளி

மூன்றாம் பாடம், எரிகோவில் ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல். சுமாராகப் போயிற்று. மனம் ஒன்றவில்லை.

மார்ச் 14, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெனினா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு அந்தப் பிரசங்கந்தானா?"

"ஆமா."

"நீங்க எப்பவும் ஒம்பதோட நிறுத்திருவீங்களேப்பா. அதுக்கப்புறம் என்ன நடக்குன்னு வாசிச்சிருக்கீங்களா?"

அது வேறு கதை, நம் பாடத்துக்குத் தேவையில்லை என்றேன்.

"நான் வாசிச்சிருக்கேன்" என்றாள். "போன தடவ ஆஸ்பத்திரியில கெடக்கும்போது. நீங்க சொன்ன கதைதானேன்னு ஆறுதலுக்கு எடுத்தேன்."

எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் வாலிபர் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

மார்ச் 16

அதிகாரம் முழுவதையும் மூன்று தடவை வாசித்தேன். வாசித்திருக்கிறேனா என்று கேட்டாள். வாசித்திருக்கிறேன், சின்ன வயதில், கண்ணை ஓட்டிக்கொண்டு. ஒரு ஆட்டுக்கு என்ன நோவு என்று பார்க்கிற மாதிரி வாசித்ததில்லை.

எழுத்தில் இருப்பதை மட்டும் இங்கே குறிக்கிறேன். அவளுக்குப் பெயரில்லை. அவள் ஏன் போனாள் என்பதற்கு நம் வேதம் அவள்மேல் பழி சொல்கிறது. மிகப் பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் கோபித்துக்கொண்டு போனாள் என்று மட்டுமே இருப்பதாக என் விளக்கவுரையின் ஓரக்குறிப்பு. அன்பாகப் பேசி அழைக்கத்தான் புருஷன் போகிறான். ஐந்து நாள் அங்கே இருக்கிறான். மாமனாரோடு சாப்பிடுகிறான், குடிக்கிறான், பேசுகிறான். அவளிடம் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. தகப்பனும் மருமகனிடம்தான் பேசுகிறான்: இன்னும் கொஞ்சம் சாப்பிடும், இன்னும் ஒருநாள் இரும். மகளிடம், அம்மா, உனக்குப் போகச் சம்மதமா என்று கேட்கவில்லை.

வழியில் கிபியா ஊரில் தங்குகிறார்கள். ஊரார் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். புருஷன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பிடித்து வெளியே அவர்களிடம் விடுகிறான். விடியும்போது அவள் வந்து வாசற்படியில் விழுகிறாள். கை படிமேல் கிடக்கிறது. அவன் கதவைத் திறந்து, எழுந்திரு, போவோம் என்கிறான். அதிகாரம் முழுவதிலும் அவளைப் பார்த்து ஒருவன் பேசுகிற முதல் வார்த்தை அதுதான். பதில் வரவில்லை. பிறகு அவளுடைய உடம்பைப் பன்னிரண்டாகத் துண்டுபோட்டு நாட்டின் எல்லைகளுக்கெல்லாம் அனுப்புகிறான்.

பதினைந்து வருஷம் இவனைக் கிறிஸ்து என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 18

மாப்பிள்ளை ஜெயசீலன் வந்தார். அல்வா, மக்ரூன், பெனினாவுக்குச் சேலை. புஷ்பம் ஆட்டுக்கறி எடுத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டார். உப்பளத்தில் புது இயந்திரம் இறக்கியதைப் பற்றி, எங்கள் ஊர் ரோட்டைப் பற்றி, என் சர்க்கரை வியாதியைப் பற்றியெல்லாம் விசாரித்தார். "கோவத்துல ஒரு வார்த்தை கூடக்கொறைய வந்திருக்கும் மாமா. மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். என்னிடம்தான் சொன்னார். பெனினா கறிச்சட்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போகணும் மாப்ள" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எல்லா மாப்பிள்ளைகளிடமும் எல்லா மாமனார்களும் சொல்வதுதான். அது வெளியே வரவில்லை. தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 19, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு ஆரம்பம். அறுபது பேருக்கு மேல். மணவாளன் பிரசங்கம் என்று ஐயர் போன ஞாயிறே அறிவித்திருந்தார். மாப்பிள்ளை முன்வரிசையில் ஐயருக்குப் பக்கத்தில். பெனினாவும் புஷ்பமும் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசை.

வாசிக்கத் தொடங்கினேன். ஒன்பதாம் வசனம் முடிந்தது. ஐயர் பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். நான் பத்தை வாசித்தேன்.

"அண்ணாச்சி, ஒம்பதோட போதும்" என்றார் ஐயர், மெதுவாக.

"அதிகாரம் இன்னும் முடியலைய்யா."

"பிள்ளையள்லாம் இருக்கு."

"பிள்ளையளுக்கும் சேர்த்துத்தானய்யா எழுதியிருக்கு."

வாசித்தேன். கிபியாவுக்கு வந்தபோது கோயிலில் விசிறி மட்டை ஆடுவது நின்றது. வாசற்படி வசனத்தில் தடுமாறினேன். நின்று, மறுபடி அதே வசனத்தை முதலிலிருந்து வாசித்தேன். கடைசி வசனம்வரை விடவில்லை.

பிறகு சொன்னேன். "இந்த அதிகாரத்துக்கு நான் பதினஞ்சு வருஷமா மூணு பொருள் சொன்னேன். மொதப் பொருளச் சொல்லல. எழுத்துமேலதான் மத்த மூணும் நிக்கணும்னு நம்ம சபைப் பிதாக்கள் சொல்லியிருக்காங்க. நான் தரையப் பாக்காம மாடி கட்டுனேன். எழுத்து என்ன சொல்லுது? ஒரு பொம்பள தப்பிச்சுத் தகப்பன் வீட்டுக்கு வந்தா. புருஷன் வந்தான். தகப்பன் விருந்து வச்சான். அவளக் கேக்காமலே அனுப்புனான். அவ செத்தா. அந்தத் தகப்பன் கெட்டவன்னு வேதம் சொல்லல. நல்லா உபசரிக்கத் தெரிஞ்ச மனுஷன்தான்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

கனகம் டீச்சர் எழுந்தார்கள். கோபமா அழுகையா தெரியவில்லை. "அப்படின்னா இதுல ஆண்டவர் எங்க அண்ணாச்சி? எங்கயாவது இருக்கணும்லா? இல்லன்னா இத எதுக்கு வேதத்துல வச்சிருக்கு?"

மூன்று நாளாக நானும் அதைத்தான் தேடினேன், அகப்படவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது புஷ்பம் எழுந்தாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் கோயிலில் அவள் பாட்டைத் தவிர எதற்கும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"படியில கெடக்காளே, கண்ணு தெரியலையா?" என்றாள். "கூட இருந்தவனே பிடிச்சுக் குடுத்துட்டான். ராத்திரி பூரா அடிச்சிருக்கானுவ. யாரும் கதவத் தொறக்கல. காலையில ஒடம்பத் துண்டு துண்டாப் பிச்சிருக்கு. இது யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்குச் சிலுவப் பாடுன்னு மூணு மணி நேரம் உக்காந்து இதத்தான கேக்கோம்?"

உட்கார்ந்துவிட்டாள். ஐயர் ஆசீர்வாதம் சொல்லாமலே ஜெபித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை பெனினாவைப் பார்த்து, "பெட்டிய எடு. ஒங்கப்பாவுக்குப் புத்தி பெரண்டுபோச்சு" என்றார்.

"நான் வரல" என்றாள்.

"என்னது?"

"வரல. கேட்டுச்சுல்லா?"

அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். பெனினாவின் கட்டுப்போட்ட கை முகத்துக்கு நேராக எழுந்தது. அவள் நினைத்துத் தூக்கியதல்ல, தானாகவே எழுந்தது. அலமாரியில் நான் வைத்திருந்த படம் முழுவதும் அந்த ஒரு அசைவில் இருந்தது. நான் நடுவில் போய் நின்றேன். முரட்டு மாடுகளுக்கு முன்னால் நின்ற கால்கள்தான்.

"மாப்ள, ஒங்க கார் வெளிய நிக்கி" என்றேன்.

சேலையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 20

அல்வாவைக் கோழிக்குப் போட்டாள் புஷ்பம். கோழியும் தொடவில்லை.

மார்ச் 23

சேகரக் கமிட்டி கூப்பிட்டார்கள். ஏழு பேர், எல்லாரும் எனக்குப் பழக்கமானவர்கள். இரண்டு பேர் வீட்டு மாடுகளுக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். குடும்ப விஷயத்தைப் பீடத்தில் பேசினேன் என்பது குற்றச்சாட்டு. நான் வேதம் வாசித்தேன் என்றேன்.

ஐயருக்கு உண்மையாகவே வருத்தம். "எழுத்து கொல்லும், ஆவிதான் உயிர்ப்பிக்கும்னு பவுல் சொல்லலையா அண்ணாச்சி? நீங்க ஏன் எழுத்தையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க?"

"கொல்லும்னா, கொல்லப்பட்டது யாருன்னு மொதல்ல பாக்கணும்லாய்யா. ஒரு பொம்பள செத்துக் கெடக்கான்னு எழுதியிருக்கு. அவளத் தாண்டிப் போயி மேல்மாடியில விருந்து சாப்பிட்டது நான். அது ஆவி இல்ல, பசி. பேரு வாங்குற பசி."

"மாப்பிள்ளையோட அப்பா மேலிடத்துல பேசிட்டாங்க. எழுத்துல ஒரு மன்னிப்புக் குடுத்திருங்க. பிரசங்க லிஸ்ட்ல ஒங்க பேர நான் காப்பாத்திருவேன்."

வெள்ளைத்தாள் வாங்கினேன். 'நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களில் இந்தக் கமிட்டி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 28, ஞாயிறு

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பின்வரிசை. பெனினா வரமாட்டாள் என்று நினைத்தேன். முதலில் கிளம்பி நின்றவள் அவள்தான். எங்கள் வரிசையில் இருந்த ஒரு குடும்பம் எழுந்து வேறு இடத்துக்குப் போயிற்று. காணிக்கைப் பாட்டின்போது கனகம் டீச்சர் முன்னாலிருந்து எழுந்துவந்து புஷ்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாட்டுப் புத்தகத்தை நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பாடினார்கள். டீச்சருக்குச் சுருதி சேராது. இன்றைக்கு எனக்கு அது உறுத்தவில்லை.

பிற்பகலில் பெனினாவிடம் கேட்டேன். கேட்க ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. "ஒனக்கு என்ன செய்யணும்னு இருக்கும்மா?"

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்" என்றாள்.

ஏப்ரல் 2, வெள்ளி

மகளிர் காவல் நிலையம். காலை பத்தரைக்குப் போனோம். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுப் பெண், பெனினாவைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். மேசைமேல் எக்ஸ்ரே படத்தை வைத்தேன். விளக்கத் தொடங்கினேன்.

"அப்பா, நான் சொல்லுதேன்" என்றாள் பெனினா.

சொன்னாள். முதல் மாதத்திலிருந்து வரிசையாக, தேதியோடு. எதை எறிந்தார், எங்கே பட்டது, பக்கத்து வீட்டில் யாருக்குக் கேட்டது. அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாள் என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. புஷ்பம் அவள் முதுகில் ஒரு கையை வைத்தபடியே இருந்தாள். எனக்குத் தெரியாத தேதிகள் பல. தெரிந்து, தெரியாதென்று வைத்துக்கொண்ட தேதிகள் சில.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி வீட்டுக்கு வந்துட்டேன் மேடம். அப்ப எனக்கு மூணு மாசம். திரும்பப் போன பதினோராம் நாள் வயித்துல மிதிச்சாரு. ஆஸ்பத்திரியில படியில விழுந்ததாச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். பிள்ள தங்கல."

அந்த அம்மாளின் பேனா நின்றது. "வந்துட்டீங்கல்ல? அப்புறம் எதுக்கும்மா திரும்பப் போனீங்க?"

"வீட்டுல பேசி அனுப்புனாங்க."

"வீட்டுலன்னா யாரு?"

பெனினா வாயைத் திறக்கவில்லை. புஷ்பம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். இத்தனை நடந்த பிறகும் அவர்கள் இரண்டு பேரும் என்னை மூடி மறைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. இந்த நோட்டில் ஒரு இடத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அனுப்பிவைத்தோம் என்று. வைத்தோம் இல்லை, வைத்தேன். புஷ்பம் வேண்டாம் என்றாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். நான்தான் பெனினாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மணவாளன் பிரசங்கத்தை அவள் ஒருத்திக்காக முழுதும் சொல்லி, நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

"நான்தாம்மா அனுப்புனேன்" என்றேன். "பேரு பாக்கியநாதன். இவளோட தகப்பன். எழுதிக்கோங்க."

"சாட்சின்னு போடவா ஐயா?"

"சாட்சின்னும் போடுங்க. அனுப்புனவன்னும் போடுங்க. போகச் சம்மதமான்னு அவளக் கேக்கல, அதையும் போடுங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். எல்லாம் முடிந்ததும் வாக்குமூலத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். அந்த வரி வந்தது. என் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், நான் செய்தது. வேறு எந்தப் பொருளும் அதில் இல்லை.

"இப்படி இருக்கட்டுமா ஐயா, இல்ல ஏதாவது மாத்தணுமா?"

பெனினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதியிருக்கபடியே இருக்கட்டும்" என்றேன்.